கேடயத்துக்கும் உண்டோ குற்றம்?

வாளை எடுத்தவனைக் குற்றவாளி என்று உலகம் கூறும். கேடயத்தை எடுத்தவனை அவ்வாறு கூறுவார் எவருமிலர். தற்காப்பு என்னும் சொல்லே நம் செவிக்கு இனிதாக ஒலிக்கிறது. தன் உயிரையும், தன் மக்களையும், தன் ஊரையும் காத்துக் கொள்வது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்பதில் அறநூல்கள் பெரிதும் ஒன்றுபடுகின்றன. ஆகவே, 'நான் எவரையும் தாக்கப் போவதில்லை. என்மீது வருவதைத் தடுக்கவே இதைச் செய்கிறேன்' என்று ஒருவன் கூறும்போது, அவனை மறுத்துப் பேச நமக்கு நா எழுவதில்லை.

ஆனால், கடலோரத்தில் வாழ்வோர் ஒன்றை அறிவர். தம் கரையை அலை அரிக்கிறதென்று ஓர் ஊரார் பாறைகளைக் கொண்டுவந்து கடலுக்குள் சுவர் எழுப்புவர். அவர்கள் கரையில் மணல் சேரும், வீடுகள் தப்பும். சில ஆண்டுகள் கழிந்ததும் பக்கத்து ஊரின் கரையைக் கடல் தின்னத் தொடங்கும். கல் போட்டவர்கள் எவருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். அவர்களுடைய நிய்யத்து தூயதே. ஆயினும், பக்கத்து ஊரில் இடிந்து விழுந்த வீட்டுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று அவர்கள் கூறிவிட முடியுமா?

இந்தச் சிறிய கேள்வியை இன்றைய உலகின் மிகப் பெரிய கேடயம் ஒன்றின் முன் வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

பனிநிலத்தில் ஒரு வேலி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடி மாநிலமாகிய அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ நூறு மைல் தொலைவில், ஃபோர்ட் கிரீலி என்னும் படைத்தளம் இருக்கிறது. அங்கே நிலத்தைத் தோண்டி அறைகள் அமைத்து, 2004ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முதல் தடுப்புக் கணையை அமெரிக்கர்கள் இறக்கி வைத்தனர். 2017ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய கணைகளின் தொகை 44 ஆயிற்று. அவற்றுள் 40 அலாஸ்காவிலும், எஞ்சிய 4 கலிபோர்னியாவிலுள்ள வாண்டன்பர்க் தளத்திலும் நிறுத்தப்பட்டன. வடகொரியா போன்றதொரு நாடு அணுகுண்டு தாங்கிய ஏவுகணைகள் சிலவற்றை ஏவினால், அவை வந்து சேருமுன் வான்வெளியிலேயே மோதி அழிப்பது இவற்றின் பணியாகும்.

இது நடைபெற வேண்டிய முறையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் பயணம் ஏறத்தாழ அரை மணி நேரமே. முதற் சில நிமிடங்கள் அது நெருப்பைக் கக்கி எழும். அந்த வெப்பத்தைச் செயற்கைக்கோள்கள் கண்டுகொள்ளும். பின்னர் நெருப்பு அணைந்து, குண்டு மட்டும் காற்றற்ற விண்வெளியில் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் மிதந்து செல்லும். இறுதியில் பூமியின் காற்றுமண்டலத்துள் புகுந்து, நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இலக்கின்மீது வீழும். தடுப்புக் கணை பாய்வது நடுவிலுள்ள அந்த இருபது நிமிடங்களில்தான். ராடார்கள் வழிகாட்ட, ஏறத்தாழ 54 அடி நீளமுள்ள அந்தக் கணை மேலெழுந்து, தன் தலையிலுள்ள மோதுகலத்தை விடுவிக்கும். அந்தக் கலத்தின் எடை சுமார் 64 கிலோ. ஒரு மனிதனின் எடை எனலாம். அதில் வெடிமருந்து கிடையாது. தன் கண்ணால் குண்டைத் தேடி, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் அதன்மீது முட்டி, மோதலின் வலிமையாலேயே அதைத் தூளாக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டை மற்றொரு துப்பாக்கிக் குண்டால் அடித்து வீழ்த்துவது போன்ற செயல் இது.

மனித அறிவு இத்தகையதொன்றைச் செய்ய முடிந்தது என்பது வியப்புக்குரியதே. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முதலாக நடந்த மோதல் சோதனை வெற்றி பெற்றது. 2017ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு நிகரான இலக்கொன்றும் முதன்முறையாக வீழ்த்தப்பட்டது. ஆனால், 2010ஆம் ஆண்டில் இருமுறையும் 2013ஆம் ஆண்டில் ஒருமுறையும் தொடர்ந்து தோல்வியே கண்டனர். எல்லாச் சோதனைகளையும் கூட்டிப் பார்த்தால், வெற்றி பாதியைச் சற்றே தாண்டுகிறது. அவையும் சோதனைக்கென்று நாளும் நேரமும் குறித்து நடத்தப்பட்டவை. பகைவன் நாள் குறித்து அனுப்புவதில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. காற்றில்லாத வெளியில் இரும்புக் குண்டும் காற்றடைத்த பையும் ஒரே வேகத்தில் மிதக்கும். ஆதலால், பகைவன் ஒரு குண்டோடு சில போலிப் பைகளையும் சேர்த்து அனுப்பினால், எது மெய், எது பொய் என்று அறிவது கடினம். இந்தக் குறையை அறிவியலார் பல்லாண்டுகளாகச் சுட்டி வருகின்றனர். அமெரிக்க இயற்பியலார் கழகம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும், இப்போதுள்ள ஏற்பாட்டின் திறன் குறைவே, இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கும் பெரும்பாலும் அவ்வாறே இருக்கும் என்னும் முடிவுக்கே வந்தது.

எனவேதான் புதிய கணை வேண்டும் என்றனர். பழைய மோதுகலத்துக்குப் பதிலாகப் புதியதொன்றை உருவாக்கும் திட்டம், நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டபின், 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அதன்பின் கணை முழுவதையுமே புதிதாகச் செய்வதென்று முடிவாயிற்று. அடுத்த தலைமுறைத் தடுப்புக் கணை என்பது அதன் பெயர். ஒவ்வொரு கணையும் ஒன்றுக்கு மேற்பட்ட மோதுகலங்களைச் சுமந்து செல்லும்படி அமைய வேண்டும் என்பது ஏற்பாடு. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் இரு நிறுவனக் குழுக்களிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்விரண்டுள் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2028ஆம் ஆண்டின் இறுதிக்குள் முதற் கணையை நிறுத்துவது என்பது அப்போது குறிக்கப்பட்ட இலக்கு. திட்டத்தின் மொத்தச் செலவை அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,770 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இருபது கணைகளை நிலத்தில் நிறுத்துவதற்காக இத்தனை பொருள்!

பொருளைப் பற்றிப் பேசுவது எளிது. உயிருக்கு விலை ஏது என்று ஒருவர் கேட்டால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆகையால் நாம் செலவை விட்டு, அறத்துக்கு வருவோம்.

இடம் மாறிய வாதங்கள்

1967ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கிளாஸ்பரோ என்னும் சிற்றூர். அங்கே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனும் சோவியத் பிரதமர் கொசிகினும் சந்தித்தனர். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவும் உடனிருந்தார். ஏவுகணைத் தடுப்பு ஏற்பாடுகளை இரு நாடுகளும் கைவிட வேண்டும் என்று அமெரிக்கர் வேண்டினர். கொசிகின் சினந்தார். தாக்கும் ஆயுதம்தான் தீது. காக்கும் ஆயுதத்தில் தீது ஏது என்பது அவர் கேள்வியின் சாரம். கேட்ட மாத்திரத்தில் எவரும் அவர் பக்கமே சாய்வர். நாமும் சாய்ந்திருப்போம்.

மக்னமாராவின் மறுமொழி கசப்பான கணக்கு ஒன்றைச் சொன்னது. நீங்கள் கேடயம் செய்தால் எங்கள் வாள் முனை மழுங்குகிறது; ஆகவே, கேடயத்தைத் துளைக்கும் அளவுக்கு வாள்களைப் பெருக்குவோம்; அதைக் கண்டு நீங்களும் பெருக்குவீர்கள்; முடிவில் இருவருக்கும் முன்னிருந்ததைவிட அதிக வாள்களும், முன்னிருந்த அதே அச்சமும் மிஞ்சும். இதுவே அவர் கூற்றின் சுருக்கம்.

அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. மாஸ்கோவைச் சுற்றிச் சோவியத்தார் தடுப்புக் கணைகளை நிறுத்தினர். அதற்கு விடையாக எழுந்தவற்றுள் ஒன்று, ஒரே ஏவுகணையில் பல குண்டுகளை வைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஊருக்கு அனுப்பும் சூழ்ச்சி. 1970ஆம் ஆண்டில் அமெரிக்கா மூன்று குண்டு தாங்கும் ஏவுகணைகளை நிறுத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சோவியத்தும் அதைக் கற்றுக்கொண்டது. கல்லைப் போட்டவர் ஒருவர். கரையை இழந்தவர் அனைவரும்.

அமெரிக்காவிலும் அக்காலத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நகரங்களைக் காக்கவென்று தடுப்புக் கணைகளை நகர்களின் அருகே நிறுத்த அரசு முற்பட்டபோது, அந்நகர மக்களே எதிர்த்து எழுந்தனர். அக்காலத் தடுப்புக் கணைகள் தாமே அணுகுண்டைத் தாங்கியவை. 1969ஆம் ஆண்டு மார்ச்சில் நிக்சன் அத்திட்டத்தை மாற்றினார். புதிய கேடயம் ஊர்களைக் காக்காது. திருப்பித் தாக்கும் ஏவுகணைகள் புதைந்துள்ள நிலவறைகளைக் காக்கும் என்றார். மக்களைக் காக்கப் பிறந்த கேடயம் ஆயுதங்களைக் காக்கும் கேடயமாயிற்று. அணு யுகத்தின் தருக்கம் மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1972ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மாஸ்கோவில் நிக்சனும் பிரெஷ்னேவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். நாடு முழுவதையும் மூடும் கேடயத்தை நாங்கள் கட்டமாட்டோம் என்று இரு வல்லரசுகளும் ஒன்றுக்கொன்று வாக்களித்தன. வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஏறத்தாழ 600 கோடி டாலர் செலவில் அமெரிக்கா கட்டிய ஒரே தளம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் முழு இயக்கத்துக்கு வந்தது. அதை மூடிவிடலாம் என்று அந்நாட்டுக் கீழவை மறுநாளே வாக்களித்தது. அங்கு எழுப்பிய, நுனி வெட்டிய கூம்புக் கோபுர வடிவ ராடார் கட்டடம் வயல்வெளியின் நடுவே தனித்து நின்றது.

பின்னர் காலம் திரும்பியது. 1983ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ரீகன் தம் மக்களிடம் பேசினார். மக்களைப் பழிதீர்க்கும் அச்சத்தால் காப்பதைவிட, வரும் கணைகளை இடைமறித்துக் காப்பதே மேலன்றோ என்பது அவர் பேச்சின் கருத்து. பதினாறு ஆண்டுகளுக்கு முன் கொசிகின் பேசிய அதே அறத்தை இப்போது அமெரிக்கத் தலைவர் பேசினார். மக்னமாரா போட்ட அதே கணக்கை இப்போது சோவியத்தார் போட்டனர். இருவரும் தத்தம் வாதங்களை மாற்றிக்கொண்டனர். அறம் அவரவர் நிற்கும் இடத்துக்கேற்ப மாறுகிறதென்றால், அது அறமா, வசதியா என்னும் ஐயம் நமக்குள் எழாமலில்லை.

2001ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா அந்த உடன்படிக்கையிலிருந்து விலகும் அறிவிப்பைக் கொடுத்தது. 2002ஆம் ஆண்டு ஜூனில் விலகியது. இரண்டாண்டுகளில் அலாஸ்காவில் கணைகள் இறங்கின. 2018ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் ரஷ்யத் தலைவர் புடின், எந்தத் தடுப்பையும் தாண்டும் என்று தாம் கூறிய புதிய ஆயுதங்களை உலகுக்குக் காட்டினார். அந்த உடன்படிக்கையை அமெரிக்கா முறித்ததே இவற்றுக்குக் காரணம் என்றும் சொன்னார். அவர் கூறிய காரணம் முழு உண்மையென்று நாம் நம்ப வேண்டியதில்லை. தாக்க நினைப்பவனுக்குச் சாக்குகள் எளிதில் கிடைக்கும். ஆயினும், அவனுக்கு அந்தச் சாக்கைக் கையில் கொடுத்தவர் யார் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மறுபக்கத்தின் நியாயம்

இவ்வளவும் சொல்லிக் கேடயம் கூடாதென்று தீர்ப்பளித்துவிடுவது எளிது. அது நேர்மையாகாது. மறுபக்கத்தில் ஒரு தாயின் கேள்வி நிற்கிறது.

2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் காலை, ஹவாய்த் தீவு மக்களின் கைத்தொலைபேசிகள் யாவும் ஒருசேர அலறின. ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது பயிற்சியன்று என்பது செய்தி. அலுவலர் ஒருவரின் பிழையால் அனுப்பப்பட்ட பொய்ச் செய்தி அது. ஆனால், பொய் என்னும் மறுசெய்தி வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. அந்த 38 நிமிடங்கள் அம்மக்களுக்கு உண்மையாகவே இருந்தன. பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குளியலறைகளில் ஒடுங்கியோர் உண்டு. தொலைவிலுள்ள உறவினரை அழைத்து விடைபெற்றோர் உண்டு. பிள்ளைகள் இரண்டு இடங்களில் இருக்க, எந்தப் பிள்ளையிடம் ஓடுவது என்று ஒரு தாய் தவித்தால், அந்தத் தவிப்புக்கு எந்த அரசியல் நூலில் விடையுண்டு?

அந்தத் தாயிடம் சென்று, 'அம்மா, உனக்குக் கேடயம் வேண்டாம். கேடயம் இருந்தால் பகைவன் அஞ்சுவான். நீ காப்பின்றி இருப்பதே உலக அமைதிக்கு நல்லது' என்று நம்மால் கூற முடியுமா? நம் நா கூசும். எண்ணிப் பார்த்தால், 1972ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்கு அடியில் கிடந்த தத்துவமும் அதுதான். இரு நாட்டு மக்களும் ஒருவர் கையில் ஒருவர் பிணையாளிகளாக இருப்பார்கள்; அந்த அச்சத்தால் எவரும் முதலில் அடிக்கமாட்டார்கள். கோடிக்கணக்கான குற்றமற்றவர்களைப் பிணையாக வைத்துப் பெறும் அமைதியை நிறைவான அறம் என்று எவ்வாறு சொல்வது? ரீகனும் கொசிகினும் எழுப்பிய கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. தன் குடியைக் காக்க முயலாத அரசு, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணாத அரசாகும்.

மேலும், பாதி வெற்றி என்பதும் ஒன்றுமில்லாதது ஆகாது. வருகின்ற இரண்டு குண்டுகளில் ஒன்று வீழ்ந்தால், ஒரு நகரம் பிழைக்கும். ஒரு நகரம் என்பது எத்தனை தொட்டில்கள்!

ஆகவே, கேடயமே தீது என்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. ஆனால், கேடயம் என்பதாலேயே அது தூயது என்னும் முடிவுக்கும் வர முடியவில்லை. எப்போது அது தூயதாகிறது, எப்போது மாசடைகிறது என்று பிரித்தறிவதே நம்முன் உள்ள பணி.

மூன்று உரைகற்கள்

முதலாவது, உண்மை. கேடயத்தைச் செய்பவன், அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைத் தன் மக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாதி ஓட்டையுள்ள குடையை முழுக் குடையென்று விற்பவன் ஏமாற்றுக்காரன். மழையில் நனைவதோடு அந்த ஏமாற்று முடிந்துவிடும். ஏவுகணைக் குடையில் அந்த ஏமாற்று எங்கே முடியும்? தன் நாடு காப்புடையதென்று மெய்யாகவே நம்பிவிட்ட ஒரு தலைவன், நெருக்கடி நேரத்தில் பேச்சுவார்த்தையை விட்டுப் போரைத் தேர்ந்தெடுக்கக்கூடும். அன்று அந்தக் கேடயமே மக்களுக்கு எமனாகும். காப்பு இல்லாதவனிடம் எச்சரிக்கையாவது இருக்கும். பொய்க் காப்பை நம்பியவனிடம் அதுவும் இராது.

இரண்டாவது, மறுகை. கேடயம் பிடித்தவனின் மற்றொரு கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெறுங்கையனாக நின்று கேடயம் தாங்குபவன் காப்பாளன். ஒரு கையில் கூரிய வாளும் மறுகையில் கேடயமும் தாங்கி நிற்பவனைக் கண்டு எதிரே நிற்பவன் என்ன நினைப்பான்? 'இவன் என்னை வெட்டிவிட்டு, நான் திருப்பி வெட்டுவதைத் தடுக்கவே அதை வைத்திருக்கிறான்' என்றுதான் நினைப்பான். அலாஸ்காவின் 40 தடுப்புக் கணைகளைக் கொண்ட அதே நாடு, மொன்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங் வட்டாரங்களில் 400 அணு ஏவுகணைகளையும் புதைத்து வைத்திருக்கிறது. அதன் எண்ணம் தூயதாகவே இருக்கட்டும். எண்ணம் நெஞ்சுக்குள் இருப்பது. ஏவுகணை நிலத்தில் இருப்பது. பக்கத்து நாட்டான் காண்பது நெஞ்சையா, நிலத்தையா?

நம் திருவள்ளுவர் அரணைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் முதற் குறளிலேயே, அரண் என்பது படையெடுத்துச் செல்பவர்க்கும் பொருள், அஞ்சித் தம்மைக் காப்பவர்க்கும் பொருள் என்னும் கருத்தை வைத்துவிட்டார். ஏவுகணையைக் கனவிலும் காணாத அந்தப் பெரியவர், கேடயத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதைக் கண்டிருந்தார். அஞ்சுபவனின் அரணையும் பாய்பவனின் அரணையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே கல்லால் ஆனவை.

மூன்றாவது, எல்லை. எவனிடமிருந்து, எவ்வளவு காப்பு என்பதற்கு ஓர் அளவு வேண்டும். சில ஏவுகணைகளை மட்டுமே உடைய ஒரு நாட்டின் திடீர்ச் சினத்திலிருந்து தன்னைக் காத்துக் கொள்ள நாற்பது கணைகளை நிறுத்துவது வேறு. உலகில் எவராலும் தொடமுடியாத நாடாகத் தன்னை ஆக்கிக்கொள்ள முயல்வது வேறு. முன்னது வேலி, பின்னது வேட்கை. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, சிறு நாடுகளோடு நில்லாமல், தனக்கு நிகரான வல்லரசுகளின் தாக்குதலையும் தடுக்கும் கேடயத்தைக் கோரியது. அவ்வாண்டு மே மாதத்தில் அதற்குத் தங்கக் கூரை என்னும் பொருள்படும் பெயரும், 17,500 கோடி டாலர் என்னும் மதிப்பும் அறிவிக்கப்பட்டன. நிலத்தில் மட்டுமன்றி விண்ணிலும் தடுப்புக் கணைகளை நிறுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதே மே மாதத்தில் ரஷ்யாவும் சீனாவும் கூடி அதைக் கண்டித்தன. வேலி வீட்டின் எல்லையைக் கடந்து தெருவை அடைத்தால், தெருவிலுள்ளோர் வாளாவிருப்பரோ?

இந்த மூன்று உரைகற்களிலும் உரைத்துப் பார்த்தால், இன்றைய வல்லரசுகளின் கேடயங்கள் மாற்றுக் குறைந்த பொன்னாகவே நமக்குத் தோன்றுகின்றன. இதில் அமெரிக்காவை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. மாஸ்கோவைச் சுற்றி முதலில் வேலியிட்டவர்கள் சோவியத்தார். இன்று கேடயத்தைக் கண்டிப்போர் தம் வாள்களைப் பெருக்கிக்கொண்டே கண்டிக்கின்றனர். தன் குடிகளின் பசியைப் பாராமல் ஏவுகணைகளில் பொருளைக் கொட்டும் வடகொரியா, 2017ஆம் ஆண்டு ஜூலையில் தன் நெடுந்தொலைவு ஏவுகணையைப் பறக்கவிட்டபோது, அலாஸ்காவின் நிலவறைகளுக்கு அதைவிட வலுவான நியாயத்தை வேறெவரும் தேடித் தந்திருக்க முடியாது. அச்சம் அச்சத்தைப் பெற்றெடுக்கிறது. பெற்றவள் யார், பிள்ளை யார் என்று தெரியாத அளவுக்கு அவை ஒன்றையொன்று ஈன்றுகொண்டே போகின்றன.

வாக்கு என்னும் கேடயம்

அப்படியானால் செய்யத்தக்கது யாது? கேடயத்தை உடைத்தெறிக என்று நாம் சொல்லவில்லை. கேடயத்தோடு ஒரு வாக்கையும் சேர்த்துத் தாருங்கள் என்கிறோம். 1972ஆம் ஆண்டு தொடங்கி முப்பது ஆண்டுகள் ஓர் ஏட்டிலிருந்த சில வரிகள் இரு வல்லரசுகளின் கைகளைக் கட்டி வைத்திருந்தன. அந்த ஏடு நிறைவான அறமன்று என்று மேலே நாமே கூறினோம். எனினும், அந்த முப்பது ஆண்டுகளில், இவ்வளவுதான் கட்டுவேன், இதற்குமேல் கட்டமாட்டேன் என்று ஒருவர் சொன்னதை மற்றவர் நம்ப முடிந்தது. அந்த நம்பிக்கையின் நிழலில் வாள்களைக் குறைப்பது பற்றியும் பேச முடிந்தது. மோதுகலம் தன் கண்ணால் குண்டைத் தேடி இருபது நிமிடங்களில் செய்ய வேண்டிய வேலையை, வாக்கு அந்தக் குண்டு புறப்படுமுன்னரே செய்துவிடுகிறது. வாக்கை முறிக்கக்கூடும் என்பது உண்மை. கணையும் குறி தவறக்கூடும் என்பதையும் கண்டோம். இரண்டில் ஒன்று தவறினால் மீண்டும் அமர்ந்து பேசலாம். மற்றொன்று தவறினால் பேசுவதற்கு எவரும் இரார்.

கடலோர ஊராரின் கதைக்கே திரும்புவோம். தன் கரையைக் காக்கக் கல் போட வேண்டாம் என்று அந்த ஊராரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் உறங்குகின்றன. ஆனால், கல் போடுமுன் பக்கத்து ஊராரை அழைத்து உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். இருவருக்கும் பொதுவான கடல் அது. தன் கரைக்கு மட்டும் கணக்குப் பார்த்தவன் கடலைப் புரிந்து கொள்ளாதவன். அவன் செய்த குற்றம் கல்லைப் போட்டதில் இல்லை. பக்கத்து ஊரைத் தன் கணக்கில் சேர்க்காமல் விட்டதில் இருக்கிறது.

கேடயத்துக்கும் உண்டோ குற்றம் என்று கேட்டுத் தொடங்கினோம். உண்டு என்றே நாம் கருதுகிறோம். தான் தாங்கும் அளவை மறைக்கும்போதும், வாளுக்குத் துணையாக நிற்கும்போதும், அயலானின் அச்சத்தை அற்பமென்று எண்ணும்போதும் கேடயம் குற்றமுடையதாகிறது. இம்மூன்றும் இல்லாதபோது அது தாயின் கைபோலப் புனிதமானது.

அரண் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் இன்னுமொரு கருத்தைச் சொல்லி முடிக்கிறார். எவ்வளவு மாண்புடைய அரணாயினும், செயலில் மாண்பில்லாதவரிடத்தில் அது பயனற்றது என்பது அதன் பொருள். பனிநிலத்தின் அடியில் உறங்கும் கணைகளுக்கும், இனி அவற்றோடு சேரப்போகும் புதிய கணைகளுக்கும் இது பொருந்தும். அவற்றைச் செய்யும் கைகளின் திறமையில் நமக்கு ஐயமில்லை. அவற்றை ஏவச் சொல்லும் நெஞ்சங்களின் செயல்மாண்பே உலகின் கடைசி அரண். அந்த அரணைக் கட்டும் வேலை இன்னும் தொடங்கப்படவில்லை.